எட்டு மில்லிமீட்டர் மரம்

கிள்ளானில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள். மூன்றுக்கும் பார்க்கே தரை. 1978இல் அப்பா அந்த வரிசை வீட்டை வாங்கியபோது கீழே சிமெண்டு, மேலே மரம் என்பது சாதாரண விஷயம். விரல் அளவுள்ள ஐந்து மரத்துண்டுகள் சேர்ந்து ஒரு சதுரம். ஒரு சதுரம் நெடுக்காக, அடுத்தது குறுக்காக, பாய் முடைந்ததுபோல அறை முழுக்கப் போகும். அந்தக் கோடுகளின் மேல் தீப்பெட்டிக் காடி ஓட்டித்தான் நான் வளர்ந்தேன். அது என்ன மரம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பா இறந்த பிறகு வீட்டைச் சீர்படுத்த வேண்டி வந்தது. நடு அறையில் ஜன்னலோரமாகக் கரையான் தின்றிருந்தது. கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே வார்னிஷ் முழுக்கத் தேய்ந்து, மரம் வெளுத்துக் கிடந்தது. சில துண்டுகள் மிதித்தால் டக்டக்கென்று ஆடின. குத்தகைக்காரர் வந்து பார்த்தார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"எல்லாத்தையும் பேத்துட்டு வினைல் ஒட்டிரலாம் சார். ரெண்டே நாள் வேலை. பாக்க அசல் மரம் மாதிரியே இருக்கும்."

அவர் சொன்னதில் தவறொன்றும் இல்லை. விலையும் குறைவு, தொல்லையும் குறைவு. ஆனாலும் அந்த 'மாதிரியே' என் மனத்தில் தைத்தது. மரம் கிடக்கும் இடத்தில் மரத்தின் படத்தை எதற்காக ஒட்ட வேண்டும்? யோசித்து இரண்டு நாளில் சொல்வதாக அவரை அனுப்பிவைத்தேன். அந்த இரண்டு நாள் ஐந்து மாதமானது. இந்தக் கட்டுரை அந்த ஐந்து மாதத்தில் தரையைச் சுரண்டியபோது கிடைத்தது.

*

எங்கள் குடும்பத்தில் மரத்தரை பார்க்கேயில் தொடங்கவில்லை. பாட்டியின் காலம் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், உயரக் கால் வைத்துக் கட்டிய பலகை லயத்தில் கழிந்தது. மலாயாத் தோட்டங்களின் பழைய குடியிருப்புகள் பொதுவாக இரண்டு விதம். ஒன்று, தரையோடு தரையாக நீளமாய்ப் போகும் லயம். மற்றது, தூண்களின் மேல் பலகைத் தரை போட்டு ஏணிப்படியோடு நிற்கும் உயர்ந்த லயம். மேலே படுக்கை, கீழே அடுப்பும் ஆடும் கோழியும். பிள்ளைக்குத் தூளிகூடக் கீழேதான், பலகையைத் தாங்கும் உத்தரத்தில் தொங்கும்.

அந்த உயரத்துக்குப் பின்னால் நோயின் வரலாறு ஒன்று இருக்கிறது. 1901இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்தபோது நகரமே மலேரியாவில் படுத்திருந்தது. சதுப்பை வடித்துக் கொசுவை ஒழிக்கும் அவருடைய வேலை பிற்பாடு உலகெங்கும் பேசப்பட்டது. தோட்டங்களில் ஆள்கள் கூட்டங்கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளி செத்தால் தோட்டத்துக்கு நட்டம். 1912, 1923 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குடியிருப்பு, குடிநீர், மருத்துவமனை ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் பொறுப்பாக எழுதிவைத்தன. சட்டம் எழுதியதும் தோட்டம் கட்டியதும் எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை. ஆனால் ஈர மண்ணிலிருந்து உடம்பைத் தூக்கிவைக்க ஒரு பலகை வேண்டும் என்பது அந்தக் காலத்தில் பலருக்கும் பட்டுவிட்டது. நாம் படுத்த பலகைத் தரையைப் பாசத்தால் யாரும் போடவில்லை.

நான் அந்தப் பலகை வீட்டைப் பற்றி ஒருமுறை ஏக்கத்தோடு பேசியபோது பாட்டி சிரித்தார். "என்னடா பெரிய பலகை வீடு? மேல கூட்டுனா கீழ சோத்துல விழும். புருசன் பொஞ்சாதி குசுகுசுன்னு பேசுனா பக்கத்து ரூமுக்கு மட்டுமில்ல, கீழ கட்டுன ஆட்டுக்கும் கேக்கும்." பலகைகளின் இடைவெளியில் விழுந்த ஒரு வெள்ளி மோதிரத்தை மூன்று நாள் மண்ணைச் சலித்துத் தேடிய கதையும் உண்டு. மோதிரம் கிடைக்கவில்லை.

பாட்டிக்கு இரண்டு பலகைத் தரைகள் தெரியும். ஒன்று அவர் வீட்டுடையது. சனிக்கிழமை சாம்பலும் தேங்காய் மட்டையும் போட்டுத் தேய்த்து, வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டால் இடுக்கு வழியாக வடிந்துவிடும். மரம் எலும்புபோல வெளுத்து நிற்கும். இன்னொன்று துரை பங்களாவுடையது. அங்கே அவர் சில வருடம் ஆயாவாக இருந்தார். அந்தத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. மெழுகைப் பூசி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்து, ஒரு காலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே அறையைச் சுற்றிவர வேண்டும். "ஆடுற மாதிரியே இருக்கும். ஆனா இடுப்பு ஒடிஞ்சி போயிரும்" என்பார். முகம் தெரியும் அளவுக்கு அந்தத் தரை பளபளத்ததாம். இரண்டும் ஒரே செங்கால் மரம் என்பதையும் பாட்டிதான் சொன்னார்.

அவர் வாயில் அது 'செங்கல்' என்றே வரும். செங்கல் வீடு, செங்கல் தூண், செங்கல் தரை. பங்களா செங்கல்லால் கட்டியது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அது மலாய்க்காரர்கள் சொல்லும் செங்கால் என்ற காட்டு மரம் என்று பெரியவனான பிறகுதான் விளங்கியது.

*

செங்கால் மலாயாத் தீபகற்பத்துக்கே உரிய மரம் என்று சொல்லிவிடலாம். இதற்கு வெளியே தென்தாய்லாந்தில் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். காய்ந்த செங்கால் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் நிற்கும். வெட்டிய புதிதில் பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, வெளிச்சம் படப்படச் செம்பழுப்பாகக் கறுத்துவிடும். கரையான் எளிதில் அண்டாது. கிளந்தானின் பழைய கம்போங் லாவுட் பள்ளிவாசல் செங்காலில் கட்டியது. 1960களின் பெருவெள்ளத்துக்குப் பிறகு அதைக் கழற்றி வேறிடத்தில் மறுபடி பூட்ட முடிந்தது என்றால், மரம் அத்தனை உறுதியாக இருந்தது என்றுதானே அர்த்தம்?

தரைக்குப் பலகை தந்த மரமே தரைக்கு மினுக்கத்தையும் தந்தது. செங்கால் மரத்தில் கசியும் பிசினுக்கு டாமார் பெனாக் என்று பெயர். ஓராங் அஸ்லி மக்கள் காட்டிலிருந்து சேகரித்து வந்த இந்தப் பிசின் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய் வார்னிஷ் ஆனது. மலாயா டாமார்களில் உயர்ந்த ரகமாக அது மதிக்கப்பட்டது. மரச்சாமான் மினுக்கத்துக்கு வேண்டிய அவலரக்கு இந்தியாவிலிருந்து வந்தது. அதுவும் பூச்சி மரக்கிளையில் கட்டும் அரக்கைக் காட்டில் சுரண்டியெடுக்கும் ஏழைகளின் உழைப்புதான். ஒரு பளபளப்பான தரைக்குப் பின்னால் எத்தனை காடுகள், எத்தனை கைகள் என்று எண்ணினால் கணக்கு நீண்டுகொண்டே போகும். பிசின் எடுத்தவர்கள் ஓராங் அஸ்லி. பெரிய ரம்பத்தை இருவர் இருவராக இழுத்துப் பலகை அறுத்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். மட்டையைக் காலில் வைத்துத் தேய்த்தவர்களில் பாட்டியும் ஒருவர்.

காட்டுக்கும் கணக்கு எழுத ஆள் வந்தது. 1901இல் பர்ன்-மர்டாக் என்ற அதிகாரி வனத்துறைக்குப் பொறுப்பேற்றார். பர்மாக் காடுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். 1920களில் கெப்போங்கில், ஈயம் தோண்டிச் சீரழிந்த நிலத்தில் மரம் நட்டு, வன ஆய்வு நிலையத்தை உருவாக்கினார்கள். செங்கால், மெராந்தி, பாலாவ் போன்ற மரங்கள் சேர்ந்த பெருங்குடும்பத்தை வகைப்படுத்தி சைமிங்டன் எழுதிய கையேடு, ஜப்பானியர் ஆட்சியின்போது 1943இல் அச்சாகி வெளிவந்தது. மரம் தெரிந்தவர்கள் இன்றும் அதை மரியாதையோடு புரட்டுகிறார்கள்.

அந்த ஆண்டு எங்களுக்கு வேறொரு காரணத்தால் நினைவில் இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. காட்டு மரத்தை வெட்டிச் சிலிப்பர் கட்டையாகப் போட்டுக்கொண்டே போன பாதை அது. பாட்டியின் அண்ணன் அங்கே போனவர் திரும்பவில்லை. மரத்துக்குப் பெயர் எழுதிய புத்தகம் கோலாலம்பூரில் இருக்கிறது. மரத்தைச் சுமந்தவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் எழுதினோம்?

*

பலகை வீட்டுக் காலம் முடிந்ததற்கு ஒரு காரணம் நெருப்பு. சிங்கப்பூரில் 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பற்றிய தீ, அத்தாப்பும் பலகையுமான குடிசைகளைத் துடைத்தெடுத்தது. ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. கான்கிரீட் அடுக்குமாடி அதன்பின் மளமளவென்று எழுந்தது. மலேசியத் தோட்டங்களிலும் 1966இல் வந்த தொழிலாளர் வீட்டுத் தரச் சட்டத்துக்குப் பிறகு கல் வீடுகள் மெல்ல வந்தன. பலகை போனது, சிமெண்டு வந்தது.

போன மரம் மெலிந்த தோலாகத் திரும்பி வந்தது. ஃபெல்டா 1956இல் தொடங்கியபின் அடுத்த முப்பது ஆண்டுகளில் தாழ்நிலக் காடுகள் பெருமளவில் செம்பனையாகவும் ரப்பராகவும் மாறின. அறுப்பு மில்களுக்கு மரம் வந்துகொண்டே இருந்தது. 1985இல் தீபகற்ப மலேசியா உருட்டு மர ஏற்றுமதியை முழுவதும் நிறுத்தியது. மரத்தை இங்கேயே பலகையாகவும் பார்க்கேயாகவும் மாற்றி விற்கவேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. பாட்டி வீட்டுப் பலகை ஓர் அங்குலக் கனம். அதுவே வீட்டைத் தாங்கியது. எங்கள் பார்க்கே எட்டு மில்லிமீட்டர். தாங்குவது கீழே உள்ள கான்கிரீட், மரம் அதன் மேல் ஒட்டிய தோல். இப்போது வந்திருக்கும் வினைலில் மரம் ஒரு படம் மட்டுமே. மூன்று தலைமுறையில் காடு எவ்வளவு மெலிந்தது என்பதைக் காலடியிலேயே அளந்துவிடலாம்.

*

வினைல்காரரை அனுப்பிவிட்டு ஆள் தேடியதில் ஒரு சீனத் தச்சர் கிடைத்தார். எழுபது தாண்டியவர். இளவயதில் தோட்டங்களில் வேலை செய்ததால் தமிழ் பேசுவார். குனிந்து ஒரு துண்டைக் கிளப்பி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுத்த பழுப்பில் நுண்ணிய மஞ்சள் கோடுகள்.

"மஞ்சா பாத்தியா தம்பி? இது மெர்பாவ். நல்ல சாமான். இதை ஏன் தூக்கிப் போடுறே?"

மெர்பாவ் மரத்தின் நுண்குழாய்களில் மஞ்சள் பொடி தங்கியிருக்கும். தண்ணீர் பட்டால் பழுப்புச் சாயம் இறங்கும். இரும்பு பட்டால் கறுக்கும். அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று புரிந்தது. வார்னிஷ் தேய்ந்த இடத்தைத் துடைத்த துணி எப்போதும் பழுப்பாகவே வரும். "என்ன தொடச்சாலும் அழுக்குப் போக மாட்டேங்குதே" என்று அம்மா வருடக்கணக்கில் புலம்பியிருக்கிறார். அது அழுக்கே அல்ல. மரத்தின் சாயம். மலேசியா 2019இல் மெர்பாவைத் தேசிய மரமாக அறிவித்தது. அம்மா அதை மாப் குச்சியால் திட்டிக்கொண்டிருந்தார்.

முதல் அறையை நானே செய்வதாகச் சொன்னேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. வாடகைக்கு எடுத்த உருளை இயந்திரத்தை ஓடவிட்டு, தொலைபேசி அடிக்கிறதே என்று ஒரு கணம் நின்றேன். தரையில் பிறைபோல ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. உருளை சுழலும்போது நம் கால் நிற்கக்கூடாது. நகரத் தொடங்கியபின் இறக்க வேண்டும், நிற்பதற்கு முன் தூக்க வேண்டும். தச்சர் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "போன் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் அவர் சொன்னபடி நடந்தேன். கதவுச் சட்டத்தின் கீழே ஒரு துண்டைக் கழற்றி முதலில் கனம் அளந்தோம். எட்டில் ஏழுதான் மீதி. அப்பா ஒருமுறை இழைத்திருக்கிறார். ஆக, நமக்கு எடுக்கக் கிடைப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆடும் துண்டுகளுக்கு எண் எழுதிக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்த பழைய கறுப்புத் தாரைச் சுரண்டினோம். தாரை உப்புத்தாளால் தேய்க்கக்கூடாது. சூட்டில் இளகித் தாளில் அப்பிக்கொள்ளும். உளியின் தட்டைப் பக்கத்தால் பெயர்க்க வேண்டும். மீண்டும் ஒட்டி, மேலே கனம் ஏற்றி ஒரு நாள் விட்டோம்.

இந்தத் தரையில் மரத்தின் இழை ஒரு சதுரத்தில் நெடுக்காகவும் அடுத்ததில் குறுக்காகவும் ஓடுவதால், எந்தப் பக்கம் தேய்த்தாலும் பாதி தரைக்கு அது எதிர்த்திசை. எனவே மூலைக்கு மூலை சாய்வாகத் தேய்க்க வேண்டும். முதலில் 40ஆம் எண் தாள், பிறகு 80, கடைசியில் 120. எண்ணைத் தாண்டிக் குதித்தால் முதல் தாளின் கீறல் வார்னிஷுக்கு அடியில் பூதாகரமாய்த் தெரியும். தூளைப் பையில் சேர்த்துவைத்துப் பசையோடு குழைத்து, சிறிய இடுக்குகளை அடைத்தோம். மூக்குக்கு முகமூடி கட்டாயம். மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள்.

குளிர்சாதனம் ஓடும் அறையில் இடுக்குகள் அகலமாக இருந்தன. அதை அடைக்க அவர் சம்மதிக்கவில்லை. நம் ஊர்க் காற்றில் மரம் தன்னுள் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை ஈரம் வைத்திருக்கும். குளிர்சாதனம் அந்த ஈரத்தை உறிஞ்சினால் மரம் சுருங்கும். அணைத்தால் மறுபடி விரியும். இடையில் கல்போலப் பசையை அடைத்தால் விரிய இடமின்றித் தரை புடைத்துக்கொள்ளும். "மரம் செத்துப்போச்சுன்னு நீ நெனைக்கிறே. அது இன்னும் மூச்சு விடுது" என்றார்.

*

மிச்சமிருந்தது ஜன்னலோரம். அங்கேதான் அம்மாவின் தையல் இயந்திரம் நாற்பது வருடம் நின்றது. நான்கு கால்களின் பள்ளமும் தெரியும். அதில் இரண்டு பள்ளம் கரையானோடு போய்விட்டது. மீதி இரண்டையும் தேய்த்துச் சமமாக்க எனக்கு மனம் வரவில்லை. சீர்படுத்துவது என்றால் எதை வைப்பது, எதை அழிப்பது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பழைய வீடுகளை மீட்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் அதை எப்போதும் கேட்டுக்கொள்வதில்லை. பங்களாக்கள் இன்று விடுதிகளாக மினுக்குகின்றன. லயங்களை யாரும் மினுக்கியதில்லை, பிரித்து அடுப்பெரித்தார்கள். நல்ல செங்கால் பலகை இருந்தால் பழைய மர வியாபாரி வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பலகைகள் இப்போது எந்த உணவகத்தில் மேசையாகக் கிடக்கின்றனவோ.

அதே கனத்தில் பழைய மெர்பாவ் துண்டு கிடைக்கவில்லை. தச்சர் ஒருநாள் ஒரு பை நிறைய வெளிறிய துண்டுகளைக் கொண்டுவந்தார்.

"ரப்பர் மரம். மருந்து ஏத்துனது. இப்ப இதைப் போடு. நல்ல மெர்பாவ் கெடச்சா மாத்திக்கலாம்."

கித்தா மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் கொடுத்தபின் வெட்டப்படும். வெகுகாலம் அது விறகுதான். ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போனது. வெட்டிய சில நாளிலேயே நீலம் பூத்து, புழு துளைத்துவிடும் என்பதால் தச்சர்கள் அதைத் தொடவில்லை. வெட்டியவுடன் அறுத்து, போரான் உப்பு ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவியதும் நிலை மாறியது. 1980களுக்குள் மலேசிய மரச்சாமான் தொழிலுக்கே அது முதுகெலும்பாகிவிட்டது. பால் வற்றியபின்னும் மரத்துக்கு ஒரு விலை கிடைத்தது. அதே ஆண்டுகளில்தான் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனையாகியும், பால் வெட்டியவர்கள் பட்டணத்துப் புறம்போக்குக்குப் போனார்கள். அவர்களுக்கு மருந்து ஏற்றி நிமிர்த்த ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை.

துண்டுகளுக்குச் சாயம் ஏற்றி மெர்பாவ் நிறத்துக்குக் கொண்டுவரலாம் என்றார் தச்சர். வேண்டாம் என்றேன். கறுத்த தரையில் ஜன்னலுக்குக் கீழே இரண்டு சதுர அடி வெளுப்பு அப்படியே இருக்கட்டும். மூன்று பூச்சு பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்தோம். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே லேசான தேய்ப்பு. ஒரு வாரம் சாமான் ஏற்றவில்லை.

அம்மா மாடி ஏறி வந்தார். பதின்மூன்று வயதிலேயே பால் வெட்டப் போனவர். வெளிறிய இடத்தைப் பார்த்து, உட்கார்ந்து, விரலால் தடவினார்.

"இது என்ன கட்டை?"

"பால்மரம்மா."

"பால்மரமா?" ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடுப்புல வெச்சாலே புகைஞ்சி கண்ணெரியும். இதைப் போய் யாராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா?"

மறுநாள் மாடியைத் துடைத்துவிட்டு வாளியோடு இறங்கி வந்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது. அதை நம்பாமல் இன்னொரு முறை துடைக்கப் போனார்.

தையல் இயந்திரத்தை நாங்கள் பழைய இடத்தில் வைத்தோம். இரண்டு கால்கள் பழைய பள்ளத்தில் சரியாகப் பொருந்தின. மற்ற இரண்டும் புதிய மரத்தின் மேல் நிற்கின்றன. கித்தா மரம் மெர்பாவைவிட மென்மை. சீக்கிரம் பள்ளம் விழும் என்று தச்சர் எச்சரித்திருக்கிறார்.